எல்லாவற்றுக்கும் ஐந்து

உலகத்தைக் காப்பாற்றுவது என்று ஒரு ஹோட்டல் முடிவெடுத்துவிட்டால் முதலில் துண்டில்தான் கைவைக்கும். கூரையில் சூரியத் தகடு, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டி என்பதெல்லாம் பின்னால் சாவகாசமாக வரும், வராமலும் போகும். குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பச்சை அட்டையை மட்டும் உடனே ஒட்டிவிடுவார்கள். கம்பியில் தொங்கும் துண்டு என்றால் மறுபடி பயன்படுத்துகிறேன் என்று அர்த்தம், தரையில் கிடக்கும் துண்டு என்றால் மாற்றித் தாருங்கள் என்று அர்த்தம். கூடவே இலை வடிவத்தில் வெட்டிய இன்னோர் அட்டை, கதவுக் கைப்பிடியில் மாட்டுவதற்கு. அதை மாட்டினால் அன்றைக்கு அறையைச் சுத்தம் செய்ய யாரும் வரமாட்டார்கள். நாற்பது லிட்டர் தண்ணீர் மிச்சம் என்று அதன் பின்புறம் எழுதியிருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டாம் அறைக்காரர் அந்த இலையை ஒரு நாளும் மாட்டியதில்லை.

இத்தனைக்கும் மனிதர் ஊதாரி இல்லை. வீட்டில் ஒரு துண்டை ஒரு வாரம் வைத்துக் குளிப்பவர். பல் துலக்கும்போது குழாயை மூடாத ஆளைக் கண்டால் அவருக்கு மூக்கு நுனியில் கோபம் வந்து நிற்கும். மகள் சின்னவளாக இருந்தபோது, விளக்கை அணைக்காமல் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்டாள் என்று தெருமுனையிலிருந்து திருப்பி அழைத்து வந்து அணைக்கச் சொன்னவர். அப்பேர்ப்பட்டவர் இந்த ஹோட்டலில் தினமும் காலையில் ஒரு நல்ல துண்டை எடுத்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு எடைமேடைகளைச் சரிபார்க்கும் வேலை. லாரி அப்படியே ஏறி நின்றால் எடை சொல்லுமே, அந்த மேடை. இருபது கிலோ இரும்புக் கட்டிகளை ஆட்களை வைத்து மேலே அடுக்கி, திரை சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்து, காட்டாவிட்டால் திருத்தி, முத்திரை வைத்துவிட்டு வருவார். இந்த ஊரில் ஒரு சிமெண்ட் ஆலை, அதைச் சுற்றி வரிசையாகக் கிடங்குகள், மொத்தம் முப்பத்தெட்டு மேடைகள். ஆறு மாத வேலை என்று கம்பெனி இங்கே அறை போட்டுக் கொடுத்திருந்தது. காலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும், மேடை கிடைக்காது. அதனால் மதியத்துக்கு மேல்தான் அவருக்கு வேலை. காலை முழுவதும் அறையில்தான் இருப்பார். ஹோட்டலில் எல்லோரும் அவரை எடை சார் என்பார்கள்.

அந்த மேடைகளுக்கு ஒரு விதி உண்டு. நானூறு கிலோவுக்குக் கீழே அது என்ன காட்டினாலும் எழுத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒற்றை ஆள் ஏறி நின்றால் அறுபது என்று காட்டும், எண்பது என்று காட்டும், அதற்கெல்லாம் மதிப்புக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதில் ஏறி நின்று சிரித்திருக்கிறார். இப்போது ஏறுவதில்லை.

மனைவி மகளோடு வெளிநாட்டில் இருந்தாள். பேரனைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று போனவள், இது மூன்றாவது வருஷம். தினமும் சாயங்காலம் போன் வரும்.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன்."

"மாத்திரை?"

"போட்டாச்சு."

"சரி, குழந்தை அழுறான், வச்சிடறேன்."

அந்தக் குழந்தை தினமும் சரியாக அந்த இடத்தில்தான் அழும். மனைவியின் மேல் குறை சொல்ல அவருக்கு வாய் வராது. அவள் அங்கே சந்தோஷமாக இருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது. அதுதான் கஷ்டமாகவும் இருந்தது.

கிடங்குகளில் யாரும் அவரோடு பேசமாட்டார்கள். மேடையைச் சரிபார்க்க வருகிறவர் என்றால் எல்லோருக்கும் உள்ளூர ஒரு பயம். ஆக, ஒரு நாளில் அவரோடு உட்கார்ந்து, உட்காரவில்லை, நின்றபடி வேலை செய்துகொண்டே பேசுகிற ஆள் ஒரே ஒருத்திதான். காலை பத்தரைக்குக் கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு, தள்ளுவண்டியோடு வரும் சுத்தம் செய்கிற அம்மா. அவர் மனதுக்குள் அவளுக்குப் பத்தரையம்மா என்று பெயர்.

பத்தரையம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். வலது முழங்கால் மடங்காது. படுக்கை விரிப்பை உதறும்போதே பேச்சும் உதிர ஆரம்பிக்கும்.

"எதிர் ரூம்ல இலை தொங்குது சார். எட்டிப் பார்த்தா ஆளே இல்ல, ஏசி மட்டும் பதினாறுல ஓடுது. நாலு நாளா பூமியைக் காப்பாத்திட்டிருக்காரு."

"தூங்கறதுக்காக மாட்டியிருப்பாரு."

"பாதிப் பேரு அதுக்குத்தான் சார். நாலு ரூம் தள்ளி ஒரு அம்மா இருந்தாங்க. பிளாஸ்டிக் பாட்டில்ல தண்ணி வச்சிட்டோம்னு சூப்பர்வைசர கூப்ட்டு ஒரு பிடி பிடிச்சாங்க. போறப்ப எட்டு ஷாம்பு பாட்டில், ரெண்டு டவல் காணோம். அதெல்லாம் பிளாஸ்டிக் இல்ல போல."

அவர் சிரிப்பார். அன்றைக்கு அவர் சிரிப்பது அந்த ஒரு தடவைதான் என்பது அவருக்கே தெரியும்.

அவள் வீட்டுக்கதையும் வரும். அவள் கணவர் எங்கோ இரவுக் காவல். இவள் வீடு திரும்பும்போது அவர் கிளம்பிக்கொண்டிருப்பார், அவர் திரும்பும்போது இவள் கிளம்பிக்கொண்டிருப்பாள். "ஒரே கட்டில்ல மாத்தி மாத்திப் படுக்கிறோம் சார். கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷம், வாசல்ல பார்த்துக்கிறதுதான். சாவியக் குடுத்து சாவிய வாங்கிக்கிறோம்," என்று சொல்லிவிட்டுத் தலையணையைத் தட்டினாள். வீட்டில் பேச ஆள் இல்லாததை இங்கே வந்து பேசுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. கேட்கிற வேலை தனக்குக் கிடைத்ததில் அவருக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது.

படுக்கை, குளியலறை, துண்டு, குப்பைக்கூடை, எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்துக்காகத்தான் துண்டு தரைக்கு வந்தது.

முதல் மாதத்தில் ஒரு நாள் மாட்டிக்கொண்டார். பத்தரையம்மா தரையில் கிடந்த துண்டை எடுத்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"சார், இது நனையவே இல்லையே. கம்பியிலயே போட்டுடவா?"

"அது... கீழ விழுந்துடுச்சு."

அன்றைக்கு மாற்ற ஒன்றுமில்லாததால் பன்னிரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. மறுநாளிலிருந்து அவர் துண்டைக் குழாயடியில் பிடித்து நனைத்தார். நனைத்து, பிழிந்து, யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு தடவை சுற்றும் பார்த்துவிட்டுத் தரையில் போட்டார். அறையில் அவரைத் தவிர யார் இருக்கிறார்கள் பார்ப்பதற்கு? குழாயைத் திறக்கும்போதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் ஒரு நாள் விடாமல் திறந்தார்.

நான்காவது மாதத்தில் அந்தப் படிவம் வந்தது.

பத்தரையம்மாதான் கொண்டுவந்தாள். வழவழப்பான தாள், ஓரமெல்லாம் இலை படம். 'பசுமை பற்றி விருந்தினர் கருத்து' என்று தலைப்பு. பதினாறு வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டங்கள். கொஞ்சமும் ஒப்பவில்லை என்றால் ஒன்று, முழுக்க ஒப்புகிறேன் என்றால் ஐந்து.

"ஒவ்வொரு மாடிக்கும் ஒரு கட்டு குடுத்திருக்காங்க சார். எந்த மாடியில நல்லா வருதுன்னு பார்ப்பாங்களாம். கொஞ்சம் நல்லாப் போட்டுக் குடுங்க."

"எப்போ வேணும்?"

"நாளைக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன். உங்களுக்குப் பிடிச்ச வேலைதானே, நம்பர் போடறது."

அவள் போன பிறகு மேஜையில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார். எந்த அளவானாலும் முதலில் பென்சிலில் குறித்து, இரண்டாம் தடவை சரிபார்த்த பிறகுதான் மையில் எழுதுவார். 'சுற்றுச்சூழலைப் பாதுகாக்கும் ஹோட்டலையே நான் விரும்புவேன்.' நான்கு போட்டார். 'அதற்காகச் சில வசதிகளை விட்டுக்கொடுக்கத் தயார்.' எந்த வசதி என்று சொல்லவில்லையே என்று யோசித்து மூன்று போட்டார். ஏழாவது வாக்கியத்துக்கு வந்தபோது பென்சில் நின்றது. 'தினமும் அறை சுத்தம் செய்யப்படாவிட்டாலும் என் திருப்தி குறையாது.'

ஒன்று போட்டார். அழுத்தியே போட்டார்.

முடித்துவிட்டுத் தாளைத் தள்ளிவைத்துப் பார்த்தபோதுதான் மேல்மூலையில் இருந்த சின்ன எழுத்துகள் கண்ணில் பட்டன. மாடி நான்கு. பணியாளர் எண் இருபத்தேழு. அது பத்தரையம்மாவின் சட்டைப் பட்டையில் இருக்கும் எண். அவருக்குப் பகீர் என்றது. அப்படியானால் இது அவளுக்குப் போடும் மார்க். யாரோ ஒரு சூப்பர்வைசர் இதையெல்லாம் கூட்டி, இருபத்தேழாம் எண்ணுக்கு இவ்வளவு என்று எழுதப் போகிறார். இங்கே ஒரு ஒன்று, அங்கே ஒரு மூன்று என்று போட்டால் அவள் தலையில் அல்லவா விடியும்?

இருபத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு மேடைக்கும் பொய் அளவு எழுதியதில்லை. பெரிய பெரிய ஆலைக்காரர்கள் குழைந்து பேசியும் பார்த்திருக்கிறார்கள், மிரட்டியும் பார்த்திருக்கிறார்கள், அசைந்து கொடுத்ததில்லை. அன்றைக்கு ரப்பரை எடுத்து எல்லாவற்றையும் அழித்தார். பேனாவைத் திறந்து பதினாறு வாக்கியத்துக்கும் ஐந்து போட்டார். ஏழாவதுக்கும்தான். அது மட்டும் ஒன்றாக இருந்தால் கூட்டுத்தொகையில் நான்கு குறையுமே.

கீழே கருத்து எழுத இடம் இருந்தது. 'இந்த மாடியின் பணியாளர் தம் வேலையை மிக நேர்த்தியாகச் செய்கிறார். நான்கு மாதத்தில் ஒரு குறை கண்டதில்லை.' கொஞ்சம் இடம் மீந்தது. இலை படத்துக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று இன்னொரு வரியும் சேர்த்தார். 'இந்த ஹோட்டலின் சுற்றுச்சூழல் அக்கறை பாராட்டுக்குரியது.'

மறுநாள் பத்தரையம்மா தாளைப் பிரித்துப் பார்க்காமலேயே மடித்துத் தள்ளுவண்டிப் பையில் வைத்தாள். பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பிற்பாடு அவர் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து லிஃப்டுக்குள் ஒரு பச்சைச் சுவரொட்டி. 'விருந்தினர்களின் விருப்பத்துக்கிணங்க, இனி அறைகள் ஐந்து நாளுக்கு ஒரு முறை மட்டுமே சுத்தம் செய்யப்படும்.' கீழே பெரிய எழுத்தில், 'இந்த ஹோட்டலின் சுற்றுச்சூழல் அக்கறை பாராட்டுக்குரியது. நீண்ட நாள் தங்கியிருக்கும் விருந்தினர்.'

பணியாளரைப் பற்றிய வரிகளைக் காணோம். அவர் லிஃப்டிலேயே மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனார். மூன்று தடவை படித்தும் அதில் ஒரு எழுத்தும் மாறவில்லை. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்பது மூன்றாவது தடவைதான் முழுசாக உறைத்தது.

மறுநாள் பத்தரை ஆயிற்று. பத்தே முக்கால் ஆயிற்று. நனைத்த துண்டு தரையில் கிடந்தது. பதினொன்றுக்கு அவரே அதை எடுத்துக் கம்பியில் போட்டுவிட்டு வரவேற்பு மேஜைக்குப் போனார். அங்கே இருந்த பெண், பல் தெரியச் சிரிப்பது மட்டுமே வேலை என்பது போல் சிரித்தாள்.

"எனக்கு ரூம் தினமும் சுத்தம் பண்ணணும்மா."

"கண்டிப்பா சார். ரூம் நம்பர்?" கணினியைத் தட்டினாள். சிரிப்பு ஒரு கணம் குழம்பியது. "சார், நீங்கதான் எல்லாத்துக்கும் அஞ்சு போட்டவரு. மேனேஜர் மீட்டிங்ல உங்க ஃபார்மத்தான் காட்டினாரு."

"அது தப்பாப் போட்டது. மாத்தி எழுதித் தரட்டுமா?"

"அதெல்லாம் மேல போயிடுச்சு சார். ஆனா உங்களுக்கு வேணும்னா சொல்லிடறேன். இப்போ ஒரு டீம் மூணு மணிக்கு வராங்க, ரெண்டே நிமிஷம், மெஷின் வச்சிருக்காங்க."

"மூணு மணிக்கு நான் இருக்க மாட்டேனே."

"அதான் சார் வசதி, உங்களுக்குத் தொந்தரவே இருக்காது." பிறகு, உண்மையாகவே உதவ நினைத்துக் கேட்டாள். "என்ன பிரச்சனை சார், ரூம் ரொம்ப அழுக்காகுதா?"

அழுக்கு ஆகவில்லை. ஒற்றை ஆள் இருக்கும் அறை எவ்வளவு அழுக்காகும்? பத்தரை மணிக்கு யாராவது கதவைத் தட்ட வேண்டும் என்று ஐம்பத்தேழு வயது ஆள் இந்தச் சின்னப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்லம்மா, பரவால்ல," என்று சொல்லிவிட்டு அறைக்குத் திரும்பினார்.

நான்கு காலைகள் கழிந்தன. காத்திருக்கிறவனுக்கு ஒரு காலை எவ்வளவு நீளம் என்று எந்த மேடையிலும் அளக்க முடியாது. தொலைக்காட்சியைப் போட்டார், அணைத்தார். நடைபாதையில் சக்கரச் சத்தம் கேட்டால் எழுந்து போய்க் கதவில் காதை வைத்தார். யாரோ பெட்டியை இழுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஐந்தாம் நாள் சரியாகப் பத்தரைக்கு இரண்டு தட்டு.

பத்தரையம்மா வழக்கம்போல் விரிப்பை உதறினாள். பேச்சுதான் உதிரவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"கால் எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு சார். இனிமே கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். நாளையிலிருந்து துவைக்கிற இடத்துக்குப் போகச் சொல்லிட்டாங்க, ஊருக்கு வெளிய. ரெண்டு பஸ் மாறணும். அங்க உட்கார்ந்துதான் வேலை, மடிக்கிறது." தலையணை உறையை மாட்டினாள். "மூணு பேர் இருந்த மாடிக்கு ஒருத்தர் போதுமாம். எல்லா ரூம்லயும் வரவேணாம்னுதான் எழுதியிருக்காங்களாம். பன்னெண்டு வருஷமா ஒவ்வொரு கதவையும் தட்டிட்டு உள்ள போயிருக்கேன். இவங்களுக்குத் தொந்தரவா இருந்திருக்கோம்னு எனக்குத் தெரியவே இல்ல பாருங்க."

அவர் மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து நேராக வைத்தார்.

"நீங்க அப்படி எழுதியிருக்க மாட்டீங்க சார். அது எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவள் குளியலறைக்குள் போய்த் தரையில் கிடந்த துண்டை எடுத்து வந்தாள். "ஒடம்பத் துடைச்ச டவல் அங்கங்க திட்டுத் திட்டா நனைஞ்சிருக்கும். குழாய்ல பிடிச்சது ஒரு முனையிலிருந்து ஒரே சீரா நனையும். பன்னெண்டு வருஷமா டவல் எடுக்கிறவளுக்கு இது தெரியாதா? முதல்ல, இவருக்கு என்ன கிறுக்கான்னு நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது. நானும் உங்க ரூம டீ நேரத்துக்கு முன்னாடி கடைசியா வச்சுக்கிட்டேன். வேகமா முடிக்கத் தேவையில்லல்ல."

இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. மூடிக்கொண்டிருந்தால் அவள் அந்த நல்லெண்ணத்தோடேயே போயிருப்பாள், அவருக்கும் ஒரு மரியாதை மிஞ்சியிருக்கும். ஆனால் தப்பான அளவை எழுதிவிட்டு முத்திரை வைத்துப் பழக்கமில்லாத மனிதர்.

"நான்தாம்மா எழுதினேன்," என்றார். "எல்லாத்துக்கும் அஞ்சு. ஏழாவதுக்கும். சுத்தம் பண்ணலைன்னாலும் பரவால்லன்னு."

பத்தரையம்மா துண்டோடு நின்றாள்.

"படிச்சுப் பார்த்துத்தான் போட்டீங்களா சார்?"

"படிச்சேன். முதல்ல ஒண்ணுதான் போட்டேன். மேல உங்க நம்பர் இருந்துச்சு. உங்களுக்குப் போடற மார்க்னு நெனச்சுட்டேன். கூட்டுவாங்க, குறைஞ்சா உங்களுக்குக் கெட்ட பேருன்னு..."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். விருந்தினர் அறையில் உட்காரக் கூடாது என்பது அங்கே விதி. நாலரை மாதத்தில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. முழங்காலை நீட்டிக்கொண்டு, ஈரத்துண்டை மடியில் வைத்துக்கொண்டு, சிரிக்க ஆரம்பித்தாள்.

"பள்ளிக்கூடத்துல கூட எனக்கு யாரும் எல்லாத்துக்கும் முழு மார்க் போட்டதில்ல சார். முதல் தடவையா ஒருத்தர் போட்டாரு, அதுலயே மாடி போச்சு."

"மன்னிச்சிடும்மா."

"நீங்க ஒருத்தர் போட்டதாலயா மாத்தியிருப்பாங்க? விடுங்க." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துண்டின் ஈர முனையால் துடைத்துவிட்டு, ஈரம் என்று தெரிந்து, காய்ந்த முனையால் மறுபடி துடைத்தாள். "ஆனா ஒண்ணுன்னே விட்டிருக்கலாம் சார். ஒரு தாள்லயாவது, நான் வரணும்னு இருந்திருக்கும்."

அன்றைக்கு அவள் நாற்பது நிமிஷம் இருந்தாள். குளியலறைக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தாள். போகும்போது கதவருகே நின்று, "மாத்திரையை மறக்காம போடுங்க," என்றாள். மாத்திரை விஷயத்தை அவளிடம் அவர் சொன்னதே இல்லை. குப்பைக்கூடையில் மாத்திரை அட்டைகளைப் பார்த்திருப்பாள்.

அடுத்த ஐந்தாம் நாள் அவர் பத்து மணிக்கே குளித்துவிட்டு, நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். வரமாட்டாள் என்று தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தார். பதினொன்றே காலுக்கு ஒரே ஒரு தட்டு. சின்ன வயதுக்காரி ஒருத்தி, காதில் பாட்டுக் கேட்கும் கருவி, கையில் பட்டியல். குளியலறையில் எட்டிப் பார்த்துவிட்டு, கருவியை ஒரு காதிலிருந்து மட்டும் எடுத்தாள்.

"டவல் மாத்தணுமா சார்?"

துண்டு கம்பியில் நேராக மடித்துத் தொங்கியது.

"வேணாம்மா. அது நனையவே இல்ல."

"எல்லாரும் உங்கள மாதிரி இருந்தா நல்லா இருக்கும் சார்," என்று சொல்லிப் பட்டியலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு, அவள் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.